ஒன்பதாவது அப்போஸ்தலரின் கடைசிப் பத்தி

அப்போஸ்தலர்களின் பழங்கதைப் புத்தகத்தில் ஒன்பதாமவரின் மரணத்தை நான் தவறுதலாகக் கோடிட்டு அடித்துவிட்டதால், புத்தகம் அச்சாகி வந்த மறுநாள் காலை பத்தேகாலுக்கு அவர் எங்கள் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தார். நான் மெய்ப்புப் பார்ப்பவன். இருபத்தோரு வருட அனுபவம், அதில் பாதி தூக்கம். அந்தக் கதைகள் எல்லாம் ஒரே வார்ப்பு: அப்போஸ்தலர் ஊருக்குள் வருவார், அற்புதம் செய்வார், ராணி மனம் திரும்புவாள், ராஜா கொதிப்பான், சிறைக்கதவு தானாகத் திறக்கும், அப்புறமும் விடாமல் வாள் வரும். எட்டு முறை படித்த அலுப்பில், ஒன்பதாவது வாளைப் பார்த்ததும் முந்தைய அத்தியாயத்தின் பத்தியையே மறுபடி அச்சுக் கோத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தேன். அவருடைய அத்தியாயம் சிறைக்கதவு திறந்ததோடு நின்றது. திறந்த கதவு வழியாக அவர் வெளியே நடந்து வந்தார், அவ்வளவுதான்.

"இவ்வளவு மண்ணோட உள்ள வராதீங்க ஐயா, பேப்பர் பாழாகும்" என்று பைண்டிங் அக்கா வாளித் தண்ணீரைக் காட்டினாள். அவர் கால் கழுவினார். பழக்கதோஷம், அவள் கால்களையும் கழுவிவிட்டார். அவளுடைய பல வருட முட்டிவலி போயிற்று. அன்றே தாள் மடிக்க உட்கார்ந்தார். எங்கள் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்த கரையான்களிடம் ஏதோ சொன்னார். அவை வரிசையாகப் பக்கத்து வரி அலுவலகத்துக்குக் குடிபோயின. முதலாளி மட்டும் அவரை அக்காவின் கொழுந்தன் என்று நம்பினார்.

நாலு வருடம் போனது. புத்தகத்தை மொழிபெயர்த்தவர் இறந்துபோனார், நான் அடித்த அந்தப் பத்தி இருந்த ஒரே கைப்பிரதித் தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. இரண்டாம் பதிப்புக்கு நேரம் வந்தது, ஒன்பதாமவரின் மரணம் எங்கே என்று ஒரு வாசகரின் புகாரும் வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பத்தி உள்ள வரணும், இல்லேன்னா நீங்க வெளிய" என்றார் முதலாளி. பத்தி உள்ளே வந்தால் தாள் மடிக்கிறவர் இருக்கமாட்டார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கோ வேலையைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று: மனிதரின் உயிர்த்தியாகக் கிரீடத்தையே பறித்துவிட்டேனோ? எத்தனை முறை கேட்டாலும் அவர் வலை, மீன், விளக்கு, எண்ணெய் என்று உவமை சொல்லி அனுப்பிவிடுவார்.

வியாழக்கிழமை தாளை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். "ஐயா, உவமை வேண்டாம். மீன் வேண்டவே வேண்டாம். இதைச் சேர்க்கட்டுமா?"

"கேட்டுட்டாலும்!" என்றாள் அக்கா, பசையைக் கலக்கியபடி. "ஒரு ஊர்ல ஒரு விதைக்காரன்னு ஆரம்பிப்பாரு, நீங்களும் தலையாட்டிட்டு வருவீங்க." சொன்னாளே தவிர, கலக்குவதை நிறுத்திவிட்டாள்.

அவர் உதடசைத்து முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். "சேர்க்காதீங்க தம்பி. எனக்கு உயிரோட இருக்கப் பிடிச்சிருக்கு. அந்தக் கோடு போட்டதுக்கு ரொம்ப நன்றி."