கடைசி பெஞ்சில் இடமில்லை

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை ஒரு பெஞ்சுக்காக. எங்கள் கோயிலில் சனிக்கிழமை மாலைகளில் புனிதர்கள் எழுதிய ஞான நூல்களைச் சேர்ந்து படிக்கும் குழு ஒன்று உண்டு. தாழ்ச்சியைப் பற்றிய அத்தியாயத்தை முடித்த வாரத்திலிருந்து முன் பெஞ்சில் உட்கார ஆளில்லை. தாழ்ச்சியுள்ளவர்களுக்கு உரியது கடைசி இடம் என்று படித்துவிட்டோம் அல்லவா? அதைப் பிடிக்க ஆட்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார்கள். ஒருவர் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார். இன்னொருவர் அதை எடுத்துக் கீழே போட்டார். ஃபாதர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். (நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். கடைசி பெஞ்சில்தான். சீக்கிரம் போய்விட்டேன்.)

கோயில் மலருக்கு ஃபாதர் ஒரு கதை கேட்டார். "புனிதர்களோட புத்தகத்தப் படிச்சு ஒருத்தங்க தாழ்ச்சியில வளர்ற மாதிரி எழுதுங்க. நாலு பேருக்குப் பயன்படணும்" என்றார். பயன்படுகிற கதை எழுதி எனக்குப் பழக்கமில்லை. அதைச் சொன்னால் பெருமையடித்துக்கொள்வது போலிருக்குமே என்று ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'சிறு வயது முதலே பக்தியில் சிறந்து விளங்கிய அவள் —' வேண்டாம். அப்படிச் சிறந்தவர்களுக்குக் கதை எதற்கு?

இரண்டாவது: 'நீராவிக்கு நடுவே ஒரு வெண்மலராக —' இதை எழுதியது நானா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. அடிக்கவில்லை. என் தாழ்ச்சிக்கு ஆகட்டும் என்று விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது: அவள் ஒரு சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். துணியை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும் பெரிய நீராவி இயந்திரம் அவள் பொறுப்பு. கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் 'செயின்ட் அக்கா' என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான், அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாராவது வெறும் 'அக்கா' என்று கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

3

ஒரு வியாழக்கிழமை ஹோட்டல் ஒன்றின் வெள்ளை மேசைவிரிப்பு கருகிப்போனது. அவள் மேல் தவறில்லை. சூட்டைக் குறைக்கும் குமிழ் கெட்டுவிட்டது. குறைத்துத் திருப்பியும் சூடு ஏறிக்கொண்டே போயிற்று. மேல்தட்டைத் தூக்கியபோது நீராவி அவள் காதோரமாகச் சீறிப் போனது, மயிரிழையில் தப்பினாள்.

முதலாளியம்மா வந்தார். "கவனம் எங்க இருந்துச்சு? மறுபடியும் மனசுக்குள்ள ஜெபமா?"

"இந்தக் குமிழ்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முந்தின சனிக்கிழமை கோயில் குழுவில் படித்தது நினைவுக்கு வந்துவிட்டது. அநியாயமாகப் பழி வரும்போது வாய் திறக்காமலிருந்தால் ஆன்மாவுக்கு நல்லது என்று ஒரு புனிதர் எழுதியிருந்தார்.* இத்தனை வருடமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் நியாயமான திட்டு. முதல் முறையாக அசல் அநியாயம் ஒன்று தேடி வந்திருக்கிறது. விடுவாளா? தலையைக் குனிந்தாள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி குனிந்தாள்.

"மெஷின மூடி வை. திங்கக்கிழமைல இருந்து உன் நாத்தனார் பாத்துக்கட்டும். நீ துணி மடி" என்றார் முதலாளியம்மா.

(* அந்தப் புனிதர் யாரென்று சொல்லமாட்டேன். அவர் சொன்னதில் பிழையில்லை. பாவம், இயந்திரங்களைப் பற்றி அவர் யோசித்திருக்கமாட்டார்.)

நாத்தனார் என்பது அவள் கணவனின் தங்கை. அதே கூடத்தில் வேலை. புத்தகம் இருக்கும் திசைக்கே போகமாட்டாள், வாயும் கொஞ்சம் நீளம். அவளுடைய ஆணவம் குறைய வேண்டுமென்று செயின்ட் அக்கா தினமும் தனியாக ஒரு ஜெபம் சொல்லிவந்தாள்.

4

குமிழ் கெட்டது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் சாக்குச் சொன்னதாகிவிடும், அரும்பாடுபட்டுச் சேர்த்த புண்ணியம் போய்விடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நீராவி நாத்தனாரின் முகத்தில் அடிக்கும்.

(இந்த இடத்தில் அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. அவளைக் கொஞ்சம் நல்லவளாக்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அவள் அதில் வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். எடுத்துவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை முழுவதும் நாத்தனாரின் பாதுகாப்புக்காக ஜெபித்தாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். (அங்கே பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவளை உண்டாக்கியதே நான்தான்.)

"ஃபாதர், செய்யாத தப்புக்கு என்னத் திட்டினாங்க. நான் வாயே திறக்கல."

"சரிம்மா. பாவத்தச் சொல்லுங்க."

"அதான் ஃபாதர், செய்யாத தப்புக்கு..."

"செய்யாதத விடுங்க. செஞ்சது என்ன?"

யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. எவ்வளவு வளர்ந்துவிட்டோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

5

ஃபாதருக்குப் பிடிக்கும் முடிவு: ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மனம் மாறி, கண்ணீரோடு ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறாள். கோயில் மணி அடிக்கிறது.

மனத்தில் பதியும் முடிவு: நாத்தனாரின் முகம் வெந்து — இல்லை. என் கதைக்குப் பாடம் வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் முகத்தைப் பாழாக்க எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். (நடந்தது என்றால், நான் நடத்தியது.) திங்கட்கிழமை காலை நாத்தனார் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே துணியை விரித்தாள், தட்டை இறக்கினாள், குமிழைக் குறைத்துத் திருப்பினாள். செயின்ட் அக்கா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். லேசாகக் கருகல் வாடை வந்தது. நாத்தனார் குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

"அடியே, தூக்காதடி! குமிழ் கெட்டுப்போச்சு! தள்ளு!"

அது புனிதையின் குரல் அல்ல. நடுத்தெருவில் பிள்ளையை இழுத்துப் பிடிக்கிறவளின் குரல். ஓடிவந்து தள்ளிய வேகத்தில் இரண்டு பேரும் ஈரத்துணிக் கூடையில் போய் விழுந்தார்கள். யாரோ சுவிட்சை அணைத்தார்கள். இந்தக் கதையில் அவள் தன்னை நினைக்காத நேரம் அது ஒன்றுதான். எனக்கு அவளை மறுபடியும் பிடித்துப்போயிற்று.

6

அது நீடிக்கவில்லை.

"கெட்டுப்போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"வியாழக்கிழமையே..."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? இவ மூஞ்சி என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

இந்தப் பழி நியாயமானது. குனிய வேண்டிய தலை இப்போதுதான் குனியவில்லை.

"அதெப்படிம்மா என்னச் சொல்லலாம்? அன்னைக்கு நீங்க என்னப் பேச விட்டீங்களா? மெஷின அப்பப்ப ஆள் விட்டுப் பாக்க வேணாமா? மூணு நாளா இவளுக்காக நான் எவ்வளவு ஜெபம் பண்ணேன் தெரியுமா?"

செய்யாத தப்புக்கு வாய் மூடியிருந்தவள், செய்த தப்புக்கு மூச்சு விடாமல் பேசினாள்.

நாத்தனார் கூடையிலிருந்து எழுந்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணி, என் மூஞ்சி வெந்திருந்தா, உங்க புண்ணியத்துல எனக்கும் பங்கு குடுத்திருப்பீங்களா?"

செயின்ட் அக்காவின் தலை தாழ்ந்தது. யார் பார்க்கிறார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

7

என்ன பதில் சொன்னாள்? 'என்ன மன்னிச்சிடு' என்று எழுதினேன். அதை அவள் மிக அழகாகச் சொல்லிவிட்டு, வாரம் முழுக்க நினைத்து நினைத்து மகிழ்வாள். அடித்துவிட்டேன். 'ஒன்றும் பேசவில்லை' என்று எழுதினேன். பேசாமலிருந்துதானே இவ்வளவும் வந்தது? அதையும் அடித்தேன். அண்ணியும் நாத்தனாரும் இன்னும் அங்கேயே ஈரச் சேலையோடு நிற்கிறார்கள்.

ஆகவே கடைசி வரி காலியாக இருக்கிறது. வந்து உட்காருங்கள். செய்யாத தப்பை விடுங்கள், செய்த ஒன்றை நினைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு பதில் எழுதுங்கள். நான் முன் பெஞ்சுக்குப் போகிறேன். அங்கே வேறு யாரும் இல்லை. ஃபாதர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசியாக வேண்டும்.