ஏங்க

அலுவலகத்தில் அவருக்கு ‘மைக்ரான்’ என்று பட்டப்பெயர். ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பார். உடலுக்குள் பொருத்தும் நுண்கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர். மூன்று ஆண்டுகளாக அவர் கணினித் திரையில் இருந்தது அரிசியளவு டைட்டானியம் துண்டு ஒன்று. செயலிழந்த குரல்நாணைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி, மற்றதோடு சேர்ந்து அதிர வைப்பது அதன் வேலை.

அந்தப் பொறுப்பை அவர் கேட்டு வாங்கியதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. தைராய்டு அறுவைக்குப் பிறகு மனைவியின் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஏற்கெனவே சந்தையில் இருந்த ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். நாலாம் மாதம் இருமியபோது அது நகர்ந்துவிட, எடுக்க வேண்டியதாயிற்று.

முன்பெல்லாம் மூன்று அறை தள்ளி நின்று “ஏங்க!” என்று ஒரு சத்தம் போடுவாள். காது கிழிகிறது என்று அவர் அலுத்துக்கொண்டதுண்டு. இப்போது கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு சத்தத்துக்காக அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

துண்டைப் பிடித்து நிறுத்தும் திருகு இருமலுக்கு அசையக் கூடாது; அதுதான் பெரிய தலைவலி. மூன்று வடிவங்கள் சோதனை இயந்திரத்தில் கழன்றன. நான்காவது நின்றது.

அடுத்து நாற்பது பேரிடம் சோதனை. முதல் நோயாளி ஒரு பள்ளி ஆசிரியை. தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவரை எண்ணச் சொல்லிக்கொண்டே மருத்துவர் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று வரை காற்று. “நாலு” என்றபோது குரல் வந்தது. அறுவை அரங்கின் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்றிருந்த மைக்ரான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கிசுகிசுத்தாள்: “வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உன்னோடது இல்லையே.”

சத்தமில்லாமல் சிரித்தாள்.

“இந்தச் சோதனையில கம்பெனி ஆளுங்க குடும்பத்தைச் சேர்க்கக் கூடாதாம். நான் வேலைய விட்டுட்டா உன்னைச் சேர்த்துப்பாங்க. ராஜினாமா கடிதம் எழுதிட்டேன், பாரு.”

போனை வாங்கிப் படித்தாள். மூச்சு போதாமல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “இன்னும் எத்தனை பேருக்கு… வைக்கணும்?”

“முப்பத்தொம்பது பேருக்கு.”

“யாருக்காவது கழண்டுச்சுன்னா… யாரு பாப்பாங்க?”

“வேற ஆளு வருவான்.”

“வர்றவன் உங்கள மாதிரி… சண்டை போடுவானா?”

“சோதனை முடிஞ்சு, வெளியில விக்க அனுமதி கிடைக்க ரெண்டு வருஷம் ஆகுமே. அதுவரைக்கும் உனக்கு வைக்க முடியாது” என்றார்.

“ஆகட்டும். நான் எங்க… ஓடிடப் போறேன்?”

கடிதத்தை அவளே அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இதுவரை இருபத்திரண்டு பேருக்கு வைத்தாயிற்று. ஒருவருக்கும் கழலவில்லை. ஒவ்வொருவரும் ஒன்று முதல் பத்து வரை எண்ணிய பதிவு அவருக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். சில நாள் ஆறிலோ ஏழிலோ கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அவர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவார்.