ஆல்ட்யேயின் உறங்காத கண்கள்

1949 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்த ரீக்கெல்ட்டின் சட்டைப் பையில் பதினோரு நெத்திலிகள் இருந்தன. மூன்று இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. எங்கள் மீனவ ஊரான ஓஸ்டர்வேரில் நெத்திலியைக் கண்ணால் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. அரசாங்கம் வடக்கே பெரிய அணை கட்டிக் கடலை அடைத்த பிறகு முதலில் அலை போயிற்று, பிறகு உப்பு போயிற்று, உப்போடு நெத்திலியும் போயிற்று. விலாங்கு மட்டும் மிஞ்சிய நன்னீர் ஏரியின் கரையில், கடலோடிகள் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் வெட்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தோம். படகை விற்றுவிட்டு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ரீக்கெல்ட். அவர் மனைவி ஆல்ட்யே மீன்களைக் கழுவி வெண்ணெயில் வறுத்தாள்.

"எங்கேர்ந்து?" என்று மட்டும் கேட்டாள்.

"கடல்லேர்ந்துதான். நெத்திலி என்ன, மரத்துலயா காய்க்குது?" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் பேசிய பேச்சு அவ்வளவுதான். எங்கள் ஊருக்கு அதுவே அதிகம்.

தூக்கத்தில் அந்தக் கடலுக்குப் போகும் வழியைக் கண்டுபிடித்தவர் படகுப் பாய் தைக்கும் தூனிஸ். இடுப்புப் பிடிப்பால் ஆறு வாரம் மல்லாந்து கிடந்தபோது, அசைய முடியாத உடம்பைக் கால் விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தாராம். கணுக்கால், முழங்கால், வயிறு, தோள், கடைசியாகத் தாடை. எல்லாம் தளர்ந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை விட்ட பிறகுதான் நடந்தது. மூடிய இமைக்குள்ளும் கண் எதையாவது தேடிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் தேடலை நிறுத்த வேண்டும். ஓரத்தில் ஏதாவது தெரிந்தாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. சேற்றில் கல் இறங்குவதுபோல இரண்டு கண்ணும் தானாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் பழைய கடல் வந்துவிடும். வந்தது கனவுதானா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீரில் விரலை நனைத்து நக்கிப் பார்த்தால் போதும். உப்புக் கரித்தால் கனவு. கரிக்காவிட்டால் அரசாங்கத்தின் ஏரி.

இரண்டு பேர் ஒரு விஷயத்தைச் செய்தால் அதற்குச் சங்கம் வைத்துவிடுவது எங்கள் மக்களின் வழக்கம். ஒரு மாதத்துக்குள் மத்தியான உறக்கச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், கூட்டக் குறிப்பேடு எல்லாம் வந்துவிட்டன. தூனிஸின் பாய்க் கொட்டகையில் பத்தொன்பது பேர் வரிசையாகப் படுப்பார்கள். எழுந்ததும் ஆளுக்கொரு காப்பி, ஒரே ஒரு பிஸ்கெட். டப்பா உடனே மூடப்படும். கனவிலும் ஞாயிற்றுக்கிழமை வலை போடக் கூடாது என்று போதகர் கண்டிப்பாகச் சொன்னதால், அன்று மட்டும் எல்லாரும் கடலைப் பார்த்தபடி துறைமுகத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார்கள்.

சங்கத்தில் படுத்தும் கடலுக்குப் போக முடியாதவள் ஆல்ட்யே ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து கடல் அடைபடும் வரை, தினமும் கரை மேட்டில் நின்று புருஷன் படகுக்காகக் காத்திருந்தவள் அவள். அரை மைல் தூரத்தில் ஐம்பது பாய்கள் வந்தாலும் ஒட்டுத் துணியை வைத்தே ரீக்கெல்ட்டின் பாயைச் சொல்லிவிடுவாள். அப்படிப் பழகிய கண்ணை எப்படி நிறுத்துவது? கொட்டகையில் அவள் உடம்பு மாவாகக் குழைந்து கிடக்கும், குறட்டைகூட வரும்; இமைக்குள் கண் மட்டும் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்கும். "ஆல்ட்யே அம்மாள்: உடல் உறங்கியது, கண்கள் உறங்கவில்லை" என்று குறிப்பேட்டில் நாற்பத்தோரு முறை எழுதியிருக்கிறது. பிறகு அவள் போவதை விட்டுவிட்டாள். ரீக்கெல்ட்டும் அவளுக்காக வீட்டிலேயே படுக்க ஆரம்பித்தார். அவர் அரை மணி நேரம் தூங்குவது ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. டாக்டர் வந்து, துடுப்புப் போடுகிறவனுக்கு இருக்கிற நாடித் துடிப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ரீக்கெல்ட்டின் தாடியில் உப்புப் பூத்திருந்தது. உள்ளங்கையில் புதிதாகக் காய்ப்பு. நல்ல கடலைக் கண்ட மனுஷன் இந்த அட்டைப்பெட்டி வாழ்க்கைக்கு ஏன் திரும்பப் போகிறார் என்று ஆல்ட்யே நினைத்தாள். அவள் தூனிஸிடம் போய் நின்றாள்.

"நான் போய்க் கூட்டிட்டு வரணும். என் கண்ணுதான் அடங்க மாட்டேங்குது."

"வெளிச்சம் இருக்கிற வரைக்கும் உங்க கண்ணு அடங்காது. ஜன்னல் திரைய இழுத்து விட்டுட்டுப் படுங்க" என்றார் தூனிஸ்.

பகலில் திரையை மூடுவதென்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். மறைக்க ஒன்றுமில்லாத வீட்டின் ஜன்னல் திறந்திருக்கும். பகலில் மூடினால் உள்ளே சாவு. இது ஆல்ட்யேக்குத் தெரியாததல்ல. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்கு வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை. திரையை இழுத்தாள், புருஷன் பக்கத்தில் படுத்தாள். கால் மணி நேரத்தில் எதிர்வீட்டு ஹில்ட்யே கறுப்புப் பாவாடை மாற்றிக்கொண்டு, தண்ணீர்ப் பாத்திரமும் துணியுமாக வந்துவிட்டாள். பிணத்தைக் குளிப்பாட்டுவது எதிர்வீட்டின் கடமை. கட்டிலில் இரண்டு பேர் கிடப்பதைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி, நீயும் கூடவே போயிட்டியா?" என்று அழுதாள். சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தினாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். சாவுச் சேதி சொல்லும் மைன்டெர்ட் உயரத் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டார். ஆல்ட்யேக்கு எல்லாம் காதில் விழுந்தது. தளர்ந்த உடம்பிலிருந்து வாய் எழவில்லை. அப்போது ஹில்ட்யே செத்தவர்களுக்குச் செய்வதுபோல, தன் இரண்டு கட்டைவிரலாலும் அவள் இமைகளை மெல்ல அழுத்தி மூடினாள். "பாத்தது போதும், தாயி. தூங்கு" என்றாள்.

முப்பது வருடத்தில் அந்தக் கண்களிடம் யாரும் போதும் என்று சொன்னதில்லை. அவை இறங்கின.

கரை மேட்டில் காலுறையோடு நின்றிருந்தாள் ஆல்ட்யே. குனிந்து தண்ணீரைத் தொட்டு நக்கினாள், கரித்தது. அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள். வெகுதூரத்தில் ஒட்டுப் போட்ட ஒரு பாய், செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவள் வெள்ளைத் தொப்பி கண்ணில் பட்டதும் நேராகத் திரும்பிற்று.

"எங்கடி போயிருந்த?" என்று படகிலிருந்தே கத்தினார் ரீக்கெல்ட். "நெத்திலி பின்னாலயே மேற்கால போயிட்டேன். கரைல உன்னக் காணோம். எது நம்ம ஊருன்னே தெரியல. மூணு நாளா சுத்துறேன்!"

"நான் எங்க போனேன்? உங்க பக்கத்துலதானே கொட்டக் கொட்ட முழிச்சுகிட்டுக் கிடந்தேன். வாங்க, சூப்பு ஆறிடும்."

ஹில்ட்யே அவர் தாடையைக் கட்டத் துணியை எடுத்தபோது ரீக்கெல்ட் தும்மினார். தண்ணீர்ப் பாத்திரம் உருண்டது. அதற்குள் மைன்டெர்ட் இருபத்து மூன்று வீடுகளுக்குச் சொல்லி முடித்திருந்தார். திரும்பப் போய் மாற்றிச் சொல்லச் சொன்னால் மறுத்துவிட்டார். "செத்தாங்கன்னு சொல்றதுதான் என் வேலை. பொழச்சாங்கன்னு சொல்ல வேற ஆளப் பாருங்க." சாவு வீட்டுக் காப்பியையும் திராட்சை ரொட்டியையும் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்கள். செத்தவர்கள் இரண்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்கள்.

அதன்பின் தினமும் இரண்டு மணிக்கு ஆல்ட்யே முதலில் போய்க் கரையில் நிற்பாள், பிறகு ரீக்கெல்ட் கடலுக்குப் போவார். கண்ணை விடும் வழி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மற்ற பெண்களும் கற்றுக்கொண்டார்கள். சில வருடங்களில் தெரு முழுக்க மத்தியானத்தில் திரைகள் மூடிக் கிடந்தன, யாரும் கறுப்புப் பாவாடை தேடவில்லை. ஊரே தூங்கிக்கொண்டிருக்கும், காற்றில் உப்பு வாசனை வரும்.

1964 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆல்ட்யே போதகர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் திங்கக்கெழம மத்தியானமே மூச்சு நின்னுடுச்சு, போதகரே. ஆனா அப்ப அவரு கடல்ல இருந்தாரு. காத்து சரியில்ல. கரைய விட்டுட்டு நான் எப்படி வந்து உங்ககிட்ட சொல்றது? மூணு நாளா மத்தியானம் போய் நின்னேன். இன்னைக்குத்தான் வந்து சேந்தாரு. வலையக் காயப் போட்டாரு. 'இனிமே நீ நிக்க வேணாம், ஆல்ட்யே'ன்னாரு."

சங்கத்தைப் பற்றிப் பதினைந்து வருடம் சந்தேகமாகவே பேசி வந்த போதகர், பேனாவை ஒருமுறை கீழே வைத்தார். பிறகு எடுத்து, சபைப் பதிவேட்டில் வியாழன் என்று எழுதினார். டாக்டரின் தாளில் திங்கள் என்றுதான் இருக்கிறது. கல்லறைக் கல்லில் வியாழனின் தேதி. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வியாழன் என்றே சொல்வார்கள்.