நாலாம் நாள்

அக்காவுக்கு ஆய்வகத்தில் வேலை. தட்டுகளில் வளரும் உயிரணுக்களுக்கு வேளாவேளைக்குத் தீனி வைப்பாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அப்படி யாரும் பார்த்து வைக்க மாட்டார்கள். அந்த வாரம் எல்லாத் தட்டுகளிலும் அளவுக்கு மீறி இரும்பைச் சேர்த்தாள். பாதித் தட்டுகளுக்கு மட்டும், அதற்கு முன்பே, ஆலிவ் எண்ணெயில் உள்ள கொழுப்பைக் கொடுத்திருந்தாள். கொழுப்பு கிடைக்காதவை செத்து மிதந்தன. கிடைத்தவை தட்டோடு ஒட்டிக்கொண்டு உயிரோடிருந்தன. மூன்றாம் நாள் எண்ணி முடித்து, ஆய்வக வழக்கப்படி ‘பிழைத்தன’ என்று எழுதினாள்.

எழுதியதோடு நின்றிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். வீட்டில் தம்பி இருந்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் அவனுக்கு உயிர். ஏற்றும் ஒவ்வொரு பையும் உடம்பில் இரும்பை விட்டுவிட்டுப் போகும். அதை வெளியேற்றத் தினமும் வெறும் வயிற்றில் மாத்திரையைக் கரைத்துக் குடிப்பான்; குடித்தால் குமட்டும். அவனிடம் போய், ஆலிவ் எண்ணெய்க் கொழுப்பு கொடுத்ததெல்லாம் பிழைத்துவிட்டது என்று சந்தோஷம் தாங்காமல் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் தம்பியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரும்பு எகிறியிருந்தது. அக்கா சமையலறை அலமாரியைத் திறந்தாள். காலி ஆலிவ் எண்ணெய்ப் பாட்டில்கள். அவற்றின் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“நீதானேக்கா சொன்ன, பிழைச்சிடுச்சுன்னு.”

அவளுக்குக் கோபம் வடிந்து பயம் மட்டும் மிஞ்சியது. கொழுப்பு இரும்பை வெளியே தள்ளாது, அடியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளத்தான் உதவும், அதுவும் தட்டில் பார்த்தது, மனித உடம்பில் எப்படியென்று தெரியாது என்று இப்போதுதான் முழுசாகச் சொன்னாள். அன்று பாதியைத்தான் சொல்லியிருந்தாள்.

“அந்தத் தட்டெல்லாம் இப்ப எங்க?”

“மூணாம் நாள் எண்ணினதும் கொட்டிடுவோம்டா. நாலாம் நாள் என்ன ஆகும்னு நாங்க பாத்ததே இல்ல.”

தம்பி ஒரு காலிப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தான்.

“எனக்கு அந்த நாலாம் நாள்தானேக்கா வேணும்.”

அவள் அழுதாள். அவனே எழுந்து ஓர் அட்டையைப் பிரித்தான். காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தண்ணீரில் மாத்திரையைப் போட்டு அவள் கலக்கினாள். முகத்தைச் சுளித்துக் குடித்தான். தம்ளரின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மறுபடி தண்ணீர் ஊற்றி அலசிக் கொடுத்தாள். அதையும் குடித்தான்.