இரண்டு அம்புக்குறிகள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஸ்பேனரை இடம் மாற்றி வைத்தவனைக்கூட நாள் முழுக்க வைதிருக்கிறேன். அரியலூரில் ஜீப் வேலை தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்ற திமிர் வேறு. யுத்தத்தில் மூன்று வருஷம் அஸ்ஸாம் பக்கம் பட்டாள வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன். அரியமுத்து கை வைத்த வண்டி வழியில் நிற்காது என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டே கெட்டுப்போனேன்.

யுத்தம் முடிந்ததும் எங்கள் ஷெட் முதலாளி செல்லமுத்து, திருச்சியில் ஏலத்துக்கு வந்த பட்டாள ஜீப் ஒன்றை எடுத்து வாடகைக்கு விட்டார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. மாட்டுவண்டி அச்சுவரை புதையும் சேற்றில்கூட ஏறிப் போகும். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோக முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு இரும்புத் தண்டுகள் உண்டு. ஷாப்ட் என்போம். ஒவ்வொரு ஷாப்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு துண்டு. இரண்டிலும் ஓர் அம்புக்குறி வெட்டியிருக்கும். பூட்டும்போது அம்புக்கு நேராக அம்பு நிற்க வேண்டும். மாறிவிட்டால் ஷாப்ட் உதறும். உதறி உதறி ஒரு நாள் ஷாப்டின் முனையைப் பிணைக்கிற மூட்டு முறியும். இது எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நாற்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் பின் ஷாப்டைக் கழற்றி மூட்டு மாற்றினேன். அன்று முதலாளி வேலை தாமதம் என்று ஏதோ சொல்லிவிட்டார். அந்தக் கடுப்பில், கிரீஸும் சேறும் அப்பிக் கிடந்த ஷாப்டைத் துடைக்காமலே சொருகிப் பூட்டிவிட்டேன். அம்பைப் பார்க்கவில்லை.

ஜீப் ஓட்டியது மீரான். லப்பைக்குடிகாட்டுக்காரன், அரியலூரில் குடியிருந்தான், என்னைவிட ஆறு வயது சின்னவன். மறுநாளே ஷெட்டுக்கு வந்து நின்றான்.

"அண்ணே, அடியில ஒரு உதறல் இருக்கு. கொஞ்சம் பாத்துருங்க."

"பூட்டுனவன் நானு. ஒனக்கு ஓட்டுறதுதான் வேலை, அதப் பாரு," என்று எரிந்து விழுந்தேன்.

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு உதறலைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

பத்தாம் நாள், தா.பழூரில் ஒரு பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று ஆள் வந்தது. கல்லங்குறிச்சி மருத்துவச்சி ஆண்டாயியை ஏற்றிக்கொண்டு மீரான் விரைந்தான். பாதி வழியில் பின் ஷாப்டின் முன்மூட்டு முறிந்தது. தண்டின் முனை தரையில் இறங்கிக் குத்தி, வண்டியைத் தூக்கிக் கவிழ்த்தது. ஆண்டாயி அங்கேயே இறந்துபோனாள். மீரானுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

வண்டியை எடுத்துவர நான்தான் போனேன். ஆட்களை வைத்து நிமிர்த்தி, முறிந்த ஷாப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, முன் சக்கர இழுவையிலேயே ஓட்டி வந்தேன். ஷெட்டில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது ஓர் அம்பு மேலே பார்த்தது, இன்னொன்று பக்கவாட்டில் இருந்தது. ஷாப்டைச் சாக்கில் சுற்றித் தகர டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

"வேகமாப் போயி குழியில விட்டு ஷாப்ட ஒடச்சுட்டான்," என்றார் முதலாளி. ஊரும் அதையே சொன்னது. மீரானும் அதையே நம்பினான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் மீரானின் மனைவி ஹபீபா ஷெட்டு வாசலுக்கு வந்தாள்.

"சோறு எறங்க மாட்டேங்குதுண்ணே அவருக்கு. ஒரு உசுரக் கொன்னுட்டேன், அல்லா என்னை மன்னிப்பானான்னு தொழுதுட்டு அழுவுறாரு. இனிமே வண்டியே தொட மாட்டாராம். நீங்க சொன்னா கேப்பாரு. வந்து சொல்லுங்கண்ணே."

சாக்கோடு ஷாப்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். மீரான் பாதியாக இளைத்திருந்தான். ஷாப்டை அவன் முன்னால் பிரித்து வைத்தேன்.

"அம்பு ரெண்டும் எங்க இருக்கு பாரு. பூட்டுனது நான். தப்பாப் பூட்டிட்டேன். நீ உதறுதுன்னு சொன்னப்ப ஒன்ன வைஞ்சேன்."

அவன் ஒரு விரலால் இரண்டு குறிகளையும் தடவிப் பார்த்தான். அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"நீங்க பூட்டுனதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேண்ணே," என்றான். மறுபடி அம்புகளைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கொல்லலியா?" என்றான்.

"இல்ல மீரான். நான்."

"ஹபீபா, நான் இல்லியாம்," என்று உள்ளே பார்த்துச் சொன்னவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அழுது முடித்து, "ஆண்டாயி மவகிட்டயும் நீங்களே சொல்லிருங்க. மூணு தடவை போனேன். கதவைச் சாத்திக்குது," என்றான்.

மறுநாள் கல்லங்குறிச்சிக்கு நடந்தேன். ஆண்டாயியின் மகள் பச்சையம்மாளுக்கு என்னைத் தெரியாது. அம்மாவைத் தேடி வந்த யாரோ என்று நினைத்துப் பலகை போட்டு, தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செம்பைத் தூக்கி என் மேல் எறிவாள் என்று பார்த்தேன்.

அவள் செம்பை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்த பாய் போற பக்கம் மண்ண வாரித் தூத்துனேனுங்க. அவரு புள்ளைகுட்டி வெளங்காதுன்னு சொன்னேன்," என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கதவைப் பூட்டினாள். "அவரு வூடு எங்கங்க? காட்டுங்க."

அவள் முன்னால் வேகமாக நடந்தாள். வாய் திறந்தாலே வைகிற நான், என்னை எப்போது வைவாள் என்று அரியலூர் வரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அவள் ஒரு வார்த்தை வையவில்லை.