சமமாகச் சுற்றியது

இரண்டு மணிக்கு வண்டி வரும், மூன்று மணிக்கு ஒலிப்பதிவு. இப்போதே பன்னிரண்டரை ஆகிவிட்டது. அண்ணனின் கிட்டார் தங்கையின் மேஜைமேல் வயிற்றைத் திறந்து கிடந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப் கட்டுவதில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரெல்லாம் இன்றைக்கு உதவவில்லை.

அண்ணன் எதிரே முக்காலியில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாக யாரும் கூப்பிடாமல் வீட்டில் கிடந்தவனை, "உங்க கிட்டார் சத்தம்தான் வேணும்" என்று ஒரு இசையமைப்பாளர் தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருந்தார். இதுவும் கைநழுவினால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன வாரம் அவன்தான் வந்து, "சத்தம் செத்துப்போச்சு, பிரிச்சுப் பாரு" என்றான். உள்ளே இருந்தது ஹம்பக்கர் என்கிற பழைய வகைப் பிக்கப். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள், அடியில் ஒரு காந்தம். ஒரு சுருள் பிடிக்கிற மின்சார இரைச்சலை இன்னொன்று அடித்துவிடும், தந்தியின் சத்தம் மட்டும் மிஞ்சும். மீட்டர் வைத்துப் பார்த்தாள். எட்டாயிரம் ஓம், ஒரு குறையும் இல்லை. ஆனால் அண்ணன் செத்துப்போச்சு என்கிறானே! அடுத்த அறையில் ஓடும் மோட்டாரின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் சொல்லிவிடுகிற காது அது. மீட்டர் பொய் சொல்லலாம், அந்தக் காது சொல்லாது என்று பிளேடை எடுத்து இரண்டு சுருளையும் அறுத்துப் போட்டாள்.

புதிதாகச் சுற்றும்போது கெட்டிக்காரத்தனம் வேறு. ஐயாயிரம் சுற்று இதில், ஐயாயிரம் சுற்று அதில், ஒன்றுகூட ஏறாமல் குறையாமல். மாட்டியதும் அண்ணன் தந்தியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பஞ்சுக்குள்ள வச்சு அமுக்கின மாதிரி இருக்கு" என்றான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் எண்ணியா சுற்றினார்கள்? நிறைந்தது என்று கண்ணுக்குப் பட்டால் நிறுத்திவிடுவார்கள். ஒரு சுருளில் கூடும், ஒன்றில் குறையும். அந்த ஏற்றத்தாழ்வில்தான் சத்தத்துக்கு ஒரு கடி, ஒரு கூர்மை வரும். எதில் எவ்வளவு கூடுதல் என்று அறுப்பதற்கு முன் தனித்தனியாக அளந்தாளா? இல்லை. அறுத்த கம்பியெல்லாம் குப்பைக்கூடையில் ஒன்றாகக் கிடந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வலுவான காந்தம் மாற்றிப் பார்த்தாயிற்று. இப்போது ஒரு சுருளிலிருந்து நூறு நூறு சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பை அணைத்துவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை அறாமல் உருவி, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, ஆம்பைப் போட வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்குப் பயந்து சத்தம் எப்போதும் பாதிக்குக் கீழேதான்.

"இப்ப?"

"இல்ல."

வாசலில் நின்ற அண்ணி, "எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றாள்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

அண்ணி பெருமூச்சு விட்டுக்கொண்டு வண்டியைப் பார்க்கக் கீழே போனாள்.

முந்நூறு சுற்று போயிற்று. நானூறும் போயிற்று. மணி இரண்டாகப் பத்து நிமிடம். கம்பி அறுத்து ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்திருந்தது. அதைச் சேலையில் துடைத்துவிட்டு, கடைசி சால்டரை வைத்து, கிட்டாரை அவனிடம் நீட்டினாள். அண்ணன் அந்த விரலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஆறு தந்தியையும் சேர்த்து ஓங்கித் தட்டினான்.

"வந்துடுச்சு!" என்றான். "இதான்டி என் சத்தம். உன்னால மட்டும்தான் முடியும்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, கீழ்வீட்டுக்காரர் வருவதற்குள் சத்தத்தைக் குறைக்க ஆம்ப் பக்கம் திரும்பினாள்.

ஆம்பின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவள் இன்னும் அதைப் போடவே இல்லை. அறையில் கேட்டது வெறும் தந்தியின் கிணுகிணுப்பு மட்டும்தான்.

அவன் தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அண்ணா, எப்பலேர்ந்து?" என்றாள். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கேட்டாள். அதற்கும் திரும்பவில்லை. நன்றாக இருந்த பிக்கப்பை அறுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது. பிக்கப் போனால் இன்னொன்று கட்டிவிடலாம், காது போனால்?

அவள் முன்னால் வந்து ஆம்பைப் போட்டாள். சத்தம் அறையை நிறைத்தது, கடியும் இனிமையுமாக, அவள் கட்டியதிலேயே சிறந்த சத்தம். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எரிகிற விளக்கைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரல்கள் நின்றன.

"அண்ணிகிட்ட சொல்லாத," என்றான்.

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.