சூதாட்ட மேஜையில் ஒரு முகம்

“பயமே வரலையே! இவர் சூதாட்ட விடுதி நடத்துறவரா, பேத்திக்குக் கதை சொல்ற தாத்தாவா?” என்று இயக்குநர் மறுபடியும் கத்தினார். வில்லனாக நடிப்பவருக்கு முகம் சுண்டிப்போனது. பாவம், மனிதர் காலையிலிருந்து கண்ணை உருட்டாத உருட்டு இல்லை. புகையைக் கூட்டினார்கள், நாற்காலியை மாற்றினார்கள், புருவத்தைக் கறுப்பாக்கினார்கள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. எனக்கோ எப்போது முடியும் என்று இருந்தது.

கதை இதுதான். அந்த விடுதியில் பணம் செல்லாது. தோற்றவர் தன் முகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வென்ற முகங்களையெல்லாம் வில்லன் சுவரில் வரிசையாக மாட்டியிருப்பான். அவனுக்கு எதிரே உட்கார்ந்து பகடை உருட்டித் தோற்கப் போகிறவள் என் மனைவி. அவள் துணை நடிகை. இத்தனை வருஷத்தில் படங்களில் பேருந்து வரிசையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அவள் முதுகு வந்திருக்கிறது, தோள் வந்திருக்கிறது. முகம் வந்ததில்லை. இன்றைக்குத்தான் முகமும் ஒரு வரி வசனமும். “இந்தத் தடவை என்னைத் தேட வேண்டாம்மா, பளிச்சுன்னு தெரிவேன்” என்று அவள் அம்மாவிடம் போனில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

நான் அங்கே லைட்மேன். வில்லன் தலைக்கு மேல் ஒரே விளக்கு, மற்றதெல்லாம் இருட்டு என்பது கேமராமேன் போட்ட திட்டம். அதில் அவள் முகம் அரைகுறையாகத்தான் தெரிந்தது. மனசு கேட்கவில்லை. காலையில் படப்பிடிப்பு தொடங்குமுன் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில், மேஜை நடுவில் இருந்த பகடைப் பெட்டிக்குள் உள்ளங்கை அகல பேட்டரி விளக்கு ஒன்றை ஒளித்து, அவள் பக்கம் திருப்பி வைத்தேன். வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கக் காகிதம்கூட ஒட்டினேன். ஆனால் அவள் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, அதில் பட்ட வெளிச்சம் திரும்பி எதிரே இருக்கும் வில்லன் முகத்தில் விழும் என்பதை யோசிக்கவில்லையே, மடையன்!

கேமராமேன் வில்லனின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி மறைத்துப் பார்த்தார். கண்குழி இரண்டும் சட்டென்று கறுத்தன. கையை எடுத்தார், மறுபடியும் தாத்தா. அவர் திரும்பி வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், பிறகு பெட்டியைத் திறந்தார்.

“யார் பார்த்த வேலை இது?”

“நான்தான் சார்.”

“ஓ, வீட்டம்மாவுக்குத் தனி கரண்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கை எடுத்ததும் வில்லனைப் பார்க்கவே எனக்குக் குலை நடுங்கியது. கேமராமேன் போட்ட திட்டம்தான் சரி என்பதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். அதோடு முடிந்ததா? இயக்குநருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. “இப்பதான்யா பயமா இருக்கு! அந்தம்மா முகமே வேண்டாம். கழுத்துக்கு மேல இருட்டாக்கு. கை மட்டும் தெரியட்டும்” என்றார்.

கறுப்புத் துணி கட்டிய சட்டம் ஒன்று உண்டு, கட்டர் என்போம். விளக்குக்கு முன்னால் பிடித்தால் வேண்டிய இடத்தில் நிழல் விழும். அதை என் கையிலேயே கொடுத்தார்கள்.

“நீங்களா பிடிக்கப் போறீங்க?” என்றாள் என் மனைவி.

“வேற யாரு பிடிப்பா?”

“சும்மா இருந்திருக்கலாம்ல? அரைகுறையாவாவது தெரிஞ்சிருப்பேன்.”

கட்டரைத் தூக்கிப் பிடித்தேன். நிழல் இறங்கி அவள் நெற்றியை மூடியது, கண்ணை மூடியது, கழுத்தில் வந்து நின்றது.

கேமரா ஓடியது. “உருட்டு” என்றான் வில்லன். அவள் உருட்டவில்லை. மெதுவாக முன்னால் சாய்ந்தாள். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. நிழலுக்கு வெளியே தாடை வந்தது, உதடு வந்தது.

“கட்டரை இறக்குய்யா, முகம் வருது” என்று கேமராமேன் என் காதில் சீறினார். மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநர் ‘கட்’ சொல்லவில்லை. அவள் வில்லனைப் பார்க்கவே இல்லை. இருட்டுக்குள்ளிருந்து அந்தக் கண்கள் என்னைத்தான் பார்த்தன. என் தோள்பட்டை கடுத்தது, கட்டரை நான் இன்னும் இறக்கவில்லை. மேஜைமேல் அவள் கை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பகடை இன்னும் அந்த இறுகிய கைக்குள்ளேயே இருந்தது.